ஒரு மணி பத்து நிமிடம் போதாது, ஜெசி

பெசன்ட் நகர்,
சென்னை - 90.
செப்டம்பர் 12

அன்பு மகள் ஜெசிகாவுக்கு டாடி எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை ஆஸ்டினும் பேரன் ஹென்றியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். கால்கரியில் நேற்று எட்டு டிகிரி என்று என் போன் காட்டியது, பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. போன் இருக்கிற காலத்தில் இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேச உட்கார்ந்தால் நீ ஹென்றியைக் காட்டுகிறாய், அவன் தாத்தா என்று சொல்லிப் போனை நக்குகிறான், நான் உருகிப்போய்ச் சொல்லவந்ததை விட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. சொல்லவேண்டியது இரண்டு இருக்கிறது. ஒன்று, நீ டிசம்பருக்குப் போட்டிருக்கிற டிக்கெட்டை மாற்று. இன்னொன்று மம்மியின் அடக்கத்தன்று நடந்த விஷயம். மூன்றரை வருடமாக ஒன்றை உன்னிடம் மறைத்துவைத்திருக்கிறேன். அதைப் படித்தபிறகு நீ வருவாயோ, உங்க வீட்டுக்கு இனிமேல் வரமாட்டேன் என்பாயோ தெரியவில்லை. அந்தப் பயத்திலேயே முதல் பக்கத்தை நாலு தரம் கிழித்துப்போட்டேன். இது ஐந்தாவது.

மாதா கோவில் திருவிழா எட்டாம் தேதியோடு முடிந்தது. பத்து நாளும் தெருவில் கால் வைக்க இடமில்லை, காவி உடுத்திக்கொண்டு எங்கெங்கேயோ இருந்து நடந்து வந்தவர்கள் நம் வாசல் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள், நானும் குடம் குடமாகக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், பச்சைச் சட்டை, கையில் பலூன், அம்மா கோவில் ஆபீசுக்கு வரவும் என்று. ஒவ்வொரு பிள்ளையும் கிடைத்ததா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஒன்பதாம் தேதி காலையில் கார்ப்பரேஷன்காரர்கள் வந்து குப்பையை வாரிக்கொண்டு போனார்கள், அதற்கப்புறம் தெருவில் நாய் நடக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. தனியாக இருக்கிறேன் ஜெசி. நீ போனில் கேட்டால் ஜம்முனு இருக்கேன் என்றுதான் சொல்வேன், கடிதத்தில் அப்படி எழுத வரவில்லை. அரை லிட்டர் பாலை இரண்டு நாள் வைத்துக்கொள்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயே திறக்காத நாட்கள் உண்டு, அப்புறம் நீ கூப்பிட்டால் முதல் வார்த்தை தொண்டையில் கரகரவென்று வரும், நீ சளியா டாடி, மருந்து வாங்கினீங்களா என்று கேட்பாய். சளி இல்லை. மாடி வீட்டு பத்ரிநாராயணன் வாரத்துக்கு ஒருநாள் மோர்க்குழம்பு கொண்டுவருகிறார், ஒண்டியா சமைச்சுண்டு என்னத்தச் சாப்பிடறேள் சார் என்று. தங்கமான மனுஷன், ஆனால் பாத்திரத்தை அப்போதே கழுவிக் கொடுக்கும்வரை வாசலைவிட்டு நகரமாட்டார்.

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது, கிறிஸ்துமஸ் முடிந்துதான் வருவார் என்றாய். அப்படியானால் வருவது நீ ஒருத்தி, இடுப்பில் பிள்ளை, தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. நடுவில் விமானம் மாறுகிற ஊரில் உனக்கு இருப்பது ஒரு மணி பத்து நிமிடம். அதற்கடுத்த விமானத்தைப் பிடிக்கலாமே என்றால், அஞ்சு மணி நேரம் அவனை வெச்சுக்கிட்டு அங்க நான் என்ன டாடி பண்றது, டிக்கெட் குடுக்கறவங்களே ஒரு மணி நேரம் போதும்னுதானே குடுக்கறாங்க என்கிறாய். கொடுக்கிறவனுக்கு என்ன, ஓடப்போவது அவனா? உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன், சொன்னால் சிரிப்பாய். நீ ஏறப்போகிற அந்தக் கால்கரி விமானத்தின் நம்பரைப் போனில் ஒரு ஆப்பில் போட்டு, ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து தினம் பார்க்கிறேன். நம் ஊர் கணக்கில் மத்தியானம் மூன்று மணி வாக்கில் அது நீ மாறவேண்டிய ஊரில் தரையிறங்கும். சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித்தூக்கம் போடுவேனே, அந்த நேரம். இப்போது தூக்கம் இல்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டில் குறிக்கிறேன். நாற்பத்திரண்டு நாளில் பத்தொன்பது நாள் இருபது நிமிடத்துக்கு மேல் தாமதம், அதில் ஐந்து நாள் ஒரு மணி நேரத்துக்கும் மேல். நீ அதில் இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தச் சின்ன மஞ்சள் விமானம் கடலைத் தாண்டி நகரும்போது என் பிள்ளை வந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் இந்தப் பாழாய்ப்போன மனசு சொல்கிறது.

அந்த ஆப்பைப் போட்டுக்கொடுத்தது மெஹபூப் அலி. வளைகுடாவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் கேட்டில் நின்று போர்டிங் பாஸ் வாங்கிக் கிழித்தவர், இப்போது திருவான்மியூரில் மகள் வீட்டோடு வந்துவிட்டார், காலையில் கடற்கரையில் என்னோடு நடப்பார். உன் டிக்கெட்டைப் படித்துக் காட்டினேன். ஃபிரெட்ரிக் சார், ஒரு மணி நேரம் போதும்னு கம்ப்யூட்டர் சொல்றது கைவீசிகிட்டு வர்ற ஒண்டிக்கட்டைக்கு, கைப்புள்ளக்காரிக்கு இல்ல என்றார். விமானம் கிளம்புகிற நேரம் என்று போட்டிருப்பது கதவு மூடுகிற நேரம் இல்லையாம், கேட்டை அதற்கு இருபது நிமிடம் முன்பே மூடிவிடுவார்களாம், அப்போதே உன் ஒரு மணி பத்து நிமிடம் ஐம்பது நிமிடமாகிவிட்டது. நீ வால்பக்கத்துச் சீட்டில் இருந்தால் இறங்கவே கால் மணி. பிள்ளை வண்டியை விமானத்தின் அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வரும்வரை வாசலில் நிற்கவேண்டும். பாஸ்போர்ட் வரிசை ஒன்று, பையைச் சோதிக்கிற வரிசை மறுபடி ஒன்று, அங்கே ஹென்றியின் பால் பாட்டிலைத் திறந்து பார்ப்பார்கள், அவன் ஊரைக் கூட்டுவான். அதற்கப்புறம் ரயில் ஏறி வேறு கட்டடத்துக்குப் போகவேண்டும். அங்கே எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து இறங்குவார்கள் சார், நம்ம ரங்கநாதன் தெரு தீபாவளிக்கு இருக்கிற மாதிரி என்றார். மூச்சு வாங்க ஓடிவந்து மூடின கதவைப் பார்த்து நின்னவங்க எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன், அந்த மூஞ்சிங்க இன்னும் எனக்கு மறக்கல என்றார். எனக்கு உன் முகம்தான் வந்து நின்றது.

சும்மா கேட்டு நம்புகிற ஆளா உன் டாடி? நீ மாறப்போகிற அந்த விமான நிலையத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருவர் நடந்தே போகிற வீடியோவைப் பார்த்து, தூரத்தைக் கணக்குப் பண்ணினேன். போன செவ்வாய்க்கிழமை காலையில், நீ காலேஜுக்குக் கொண்டுபோன அந்த நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். ஹென்றி பன்னிரண்டரை கிலோ என்று சொன்னாய் அல்லவா, பத்து கிலோ அரிசிப் பை ஒன்று, அதற்குள்ளேயே இரண்டு கிலோ துவரம்பருப்பும் அரைக்கிலோ ரவையும் திணித்து இடுப்பில் தூக்கிக்கொண்டேன். கழுத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தபோது மாட்டிக்கொண்ட என் பழைய ஸ்டாப்வாட்ச். கோவில் முனையில் ஆரம்பித்து மறுகோடி போய்த் திரும்பினேன், முப்பத்தாறு நிமிடம் ஆனது, நடுவில் இரண்டு தரம் உட்கார்ந்தேன். நீ சின்னப் பெண், இருபத்தைந்து நிமிடத்தில் வருவாய் என்றே வை. ஆனால் அரிசி மூட்டை ஒண்ணுக்கு வருது என்று சொல்லாது, என்னை இறக்கிவிடு என்று வயிற்றில் உதைக்காது. வாக்கிங் வந்த ஜனங்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும்.

கூழ் வண்டி சுலோச்சனாவை உனக்கு நினைவிருக்கும், மம்மிக்கு மட்டும் மோர்மிளகாய் இரண்டு கூடுதலாக வைப்பாளே, அவள்தான். இன்னா சார், அரிசிய கொயந்த மாரி இடுப்புல தூக்கினு எங்க போய்க்கினு கீற என்று சத்தம் போட்டாள். பொண்ணு டிசம்பர்ல வருது, நடுவுல விமானம் மாறணும், அதுக்குள்ள ஓடிப்பிடிக்க முடியுமான்னு பார்க்கிறேன் என்று விளக்கினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அத்த உட்டா அடுத்தது வராதா சார் என்றாள். வரும், ஆனா எத்தனையோ மணி நேரம் கழிச்சுத்தான் வரும் என்றேன். வந்தா அதுல ஏறி வரட்டுமே, நீ ஊட்ல தான கீற, அதுக்குள்ள எங்க போய்டப் போற என்றாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கூழ் ஊற்றப் போய்விட்டாள். நான் நடையை நிறுத்திவிட்டேன் ஜெசி. மூட்டையை மணலில் வைத்துவிட்டு அது பக்கத்திலேயே உட்கார்ந்தேன், வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. தான் எதைச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, இப்போது சொல்கிறேன்.

மம்மி புதன்கிழமை காலையில் போனாள். அடக்கத்தை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என்று வைத்தது நான். நீ ஒன்றரைக்கு இறங்குகிறாய், வெளியே வர முக்கால் மணி, வீட்டுக்கு வர முக்கால் மணி, மூன்று மணிக்கு வீடு, ஒரு மணி நேரம் மம்மி பக்கத்தில் உட்காரலாம், நாலு மணிக்குப் பெட்டியைக் கோவிலுக்கு எடுக்கலாம் என்று, ஸ்போர்ட்ஸ் டேவுக்குப் புரோகிராம் போடுகிற மாதிரி பென்சிலால் எழுதினேன். வழியில் ஒரு விமானம் தப்பும் என்று அந்தப் புத்திசாலி பி.டி. மாஸ்டருக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலையில் நீ அழுதுகொண்டே கூப்பிட்டாய், கதவ மூடிட்டாங்க டாடி, ஃப்ளைட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்குது, கெஞ்சிப் பார்த்துட்டேன் ஏத்த மாட்டேங்கறாங்க என்று. வேறு வழியாகச் சுற்றி சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குத்தான் வரமுடியும் என்றாய். சரிம்மா பதறாதே என்று வைத்துவிட்டேன். எட்டு மணிக்கு அப்போதிருந்த பங்குச் சாமியார் நம் வீட்டுக்கு வந்தார். விஷயம் கேட்டதும், அதுக்கென்ன சார், நாளைக்குப் பத்து மணிக்கு வெச்சுக்குவோம், ஒரே பொண்ணு, வந்து அம்மா முகத்தப் பார்க்கட்டும் என்றார். கல்லறையில் கேட்டோம், சரி என்றார்கள். ஐஸ் பெட்டிக்காரரும் இன்னொரு நாள் இருந்துட்டுப் போகட்டும் சார் என்றார். வேண்டாம் என்றது நான். நான் மட்டும்தான். பேப்பரில் நாலு மணி என்று போட்டாயிற்று, என்னிடம் படித்தவர்கள் எங்கெங்கிருந்தோ கிளம்பி வருகிறார்கள், சொன்ன நேரம் சொன்ன நேரம்தான் ஃபாதர் என்றேன். மயிலாப்பூர் பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருடம், ஒரு நிமிடம் பிந்திவந்த பையனையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவன் அல்லவா. சாமியார் இரண்டாம் தரமும் கேட்டார், நான் அசையவில்லை. எல்லோரும் நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள், கடைசியாக நான் கொடுத்தேன், மூடி போட்டார்கள். சரியாக நாலு மணி.

சனிக்கிழமை நீ ஏர்போர்ட்டிலிருந்து நேரே கல்லறைக்கு வந்தாய். மண் ஈரம் காயவில்லை, மாலைகளும் வாடவில்லை. நீ ஒன்றுமே கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன், சாமியாருக்கு இன்றைக்குக் கல்யாணப் பூசை மூன்று, அவரால் காத்திருக்க முடியவில்லை என்று. அந்த நல்ல மனிதர் மேல் பழியைப் போட்டேன். நீ உடனே, என் தப்புதான் டாடி, அடுத்தத எடுத்திருக்கணும், கனெக்‌ஷனுக்கு அம்பது நிமிஷம் போதும்னு நம்பிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாய். நான் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன், வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று பிப்ரவரி வந்து போயிற்று, ஒவ்வொரு தடவையும் அந்த நாளில் நீ கூப்பிட்டு சாரி டாடி என்கிறாய், நானும் பரவாயில்லை விடும்மா என்கிறேன். உன்னை மன்னிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போன தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன், பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன், பாரம் இறங்கவில்லை. அந்த வீட்டுக்கு வந்தா எனக்கு மூச்சு முட்டும் என்று நீ ஒருதடவை சொன்னாய், மூன்றரை வருடம் நீ வராததற்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தை உண்டாக்கினவன் நான்.

சொன்ன நேரம் என்று சாமியாரிடம் சொன்னதும் பாதி உண்மைதான், மீதியையும் எழுதிவிடுகிறேன். அந்த ஐஸ் பெட்டி இரண்டு நாள் நம் ஹாலில் இருந்தது. அதன் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், திடுமென்று மறுபடி ஓடும். கண்ணாடியில் மம்மி முகத்துக்கு நேரே பனி படியும், நான் துண்டால் துடைப்பேன், உள்பக்கத்துப் பனி போகாது, துடைத்துக்கொண்டே இருப்பேன். இன்னும் ஒருநாள் அந்தச் சத்தத்தோடு என்னால் இருக்கமுடியாது என்று பயந்துவிட்டேன். எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்தது. உன்னை நினைக்கவில்லை, என்னைத்தான் நினைத்தேன். ஒரு நாள் பொறுத்திருந்தால் நீ அவள் முகத்தைப் பார்த்திருப்பாய். இப்போது அந்த ஹாலில் எந்தச் சத்தமும் கிடையாது, அது என்ன நன்றாகவா இருக்கிறது? ஆகையால் இனிமேல் நீ சாரி சொல்லக்கூடாது. உன் அம்மாவை உன் கண்ணுக்கு மறைத்தது விமானம் இல்லை, நீ நம்பின ஐம்பது நிமிடமும் இல்லை. என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

இதைச் சொல்லிவிட்டதால் ஒரு மணி பத்து நிமிடம் சரி என்று ஆகிவிடாது, தெரிந்துகொள். ஐந்து மணி நேரம் இருக்கிற விமானத்துக்கே மாற்று. முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்கு, தனித்தனியாக இரண்டு வாங்கினால் ஒன்று தப்பும்போது மற்றவன் எனக்கென்ன என்று கைவிரித்துவிடுவான் என்று மெஹபூப் அலி இரண்டு தரம் சொன்னார். கதவுக்குப் பக்கத்துச் சீட்டாகக் கேள். கைப்பையில் ஹென்றிக்கு இரண்டு செட் துணி, பிஸ்கட், உனக்கும் ஒரு மாற்றுச் சட்டை வை, பெட்டி பின்னால் வந்தாலும் வரும். அங்கே பிள்ளைகள் விளையாட இடம் வைத்திருக்கிறார்களாம், அவனை அவிழ்த்துவிடு, ஓடட்டும், நீ ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார். அப்படியும் ஏதாவது ஆகி விமானம் போய்விட்டால் யாரிடமும் கெஞ்சாதே, அழாதே, எதையாவது சாப்பிட்டுவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு, போதும்.

இன்னும் ஒன்று எழுதி முடிக்கிறேன். மம்மி கல்லறையில் இன்னும் சிமெண்ட் சிலுவைதான் இருக்கிறது. கல் தயாராகி, பெயர் வெட்டி, ஒரு வருடமாகப் பட்டறையில் சாய்த்துவைத்திருக்கிறார்கள். கல் நாட்டி மந்திரிக்கத் தேதி சொல்லுங்கள் என்று புதுச் சாமியார் போன வாரம் டைரியைத் திறந்துகொண்டு கேட்டார். மகள் வந்தபிறகு என்றேன். டிசம்பர் இருபதா, இருபத்தொன்றா என்றார். மகள் வந்தபிறகு என்றேன். சரி, காலையிலா சாயங்காலமா, எத்தனை மணி என்று போட்டுக்கொள்ளட்டும் என்றார். ஃபாதர், அவள் வரட்டும், தூங்கி எழுந்திருக்கட்டும், பிள்ளைக்குச் சோறு ஊட்டட்டும், போகலாம் டாடி என்று அவள் வாயால் சொல்லட்டும், அப்போது வந்து உங்களைக் கூப்பிடுகிறேன் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக. என் பேரனுக்கு என் முத்தம், அவனை நான் இன்னும் தொட்டதில்லை. டிக்கெட்டை மாற்றியதும் புதிய விமானத்தின் நம்பரை மறக்காமல் அனுப்பு. அனுப்ப மனசு வரவில்லை என்றால் அதையாவது ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
இந்தத் தடவை காத்திருக்கும் உன் டாடி
ஃபிரெட்ரிக்